கன்னம்பாடித் தோட்டத்தில் அம்மா நடந்த பாட்டு

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஈரோட்டிலிருந்து எங்கள் பெரியப்பா குடும்பம் மைசூருக்கு வந்தால் அணைக்கட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவோம். ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு அது கன்னம்பாடி. படியில் கால் வைத்ததும் பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, நின்றுவிடுவாள். இது அந்தப் படத்தில் வருகிற இடமாயிற்றே, இது காஷ்மீர் அல்லவா என்று கேட்பாள். காஷ்மீருக்குப் போவதாகக் கதையில் சொல்லிவிட்டு மைசூரில் இறங்கிவிடுவது அந்தக் காலத்துப் படக் கம்பெனிகளின் வழக்கம். ராஜா வேடம் போட்டவர்கள் இறங்கி வந்த மாளிகைப் படிகள், கதாநாயகி ஓடி ஒளிந்த மரங்கள், குதிரை பாய்ந்த மேடு என்று பாதிக்கு மேல் எங்கள் ஊரும் சுற்றுவட்டாரமும்தான். மதராஸ்காரர்கள் தங்கள் ஊர்ப் படமென்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். எங்களை யார் கேட்டார்கள்?

இன்னும் சில விஷயங்களைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நான் கயிறு திரிப்பதாகச் சிரிக்கிறார்கள். அப்போது மாநிலத்துக்கே எங்கள் ஊரின் பெயர்தான். கர்நாடகம் என்று மாற்றியது பின்னால். நாடு முழுக்க வானொலி நிலையங்களுக்கு வழங்குகிற பெயர், இந்த ஊரில் ஒரு பேராசிரியர் தம் வீட்டிலேயே வைத்து நடத்திய நிலையத்திலிருந்து கிளம்பியது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், அதை வருடா வருடம் தபால் ஆபீசில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வேற்றுமொழிப் படத்தின் பேச்சை மாற்றி ஒட்டிக் கன்னடத்தில் விடக் கூடாதென்று ஒரு கட்டுப்பாடு வந்தது. அதனால் இரண்டு மொழியிலும் ஒரு படம் வேண்டுமென்றால் அதை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. கதாநாயகி ஒருத்தியே. காலையில் ஒரு கதாநாயகனோடு தமிழில் வாயசைப்பாள், மத்தியானம் இன்னொருவரோடு அதே மரத்தடியில், அதே புடவையில், அதே மெட்டுக்குக் கன்னடத்தில் வாயசைப்பாள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஞாபகமிருப்பது பொது அறிவுக்காக அல்ல. அதனால்தான் நான் என் அம்மாவை இரண்டாம் முறையும் இழந்தேன்.

நாங்கள் இருந்தது ஒரு முற்றத்தைச் சுற்றி எட்டுச் சிறு வீடுகள் நிற்கும் ஒரு குடியிருப்பு. வட்டாரா என்று கன்னடத்தில் சொல்வார்கள், எங்கள் மைசூர்த் தமிழிலும் அதுவேதான். நான்கு வீடுகளில் தமிழ், நான்கில் கன்னடம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். இரண்டு மொழியில் வந்த படத்தை எங்கள் வட்டாராவில் யாரும் இரண்டு முறை பார்ப்பதில்லை. தமிழ் வீடுகள் தமிழில் பார்க்கும், கன்னட வீடுகள் கன்னடத்தில் பார்க்கும். பிறகு குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு கதையை ஒப்பிடுவார்கள். உங்கள் படத்தில் அவள் அழுதாளா, எங்கள் படத்தில் அழவே இல்லையே என்று ஒரு மணி நேரம் போகும். அடுத்த மொழியில் போய் அதே படத்தைப் பார்ப்பது, அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறதென்று மூடியைத் திறந்து பார்ப்பது போல ஒரு கூச்சம். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் யாரும் மீறியதாகவும் நான் அப்போது கேள்விப்பட்டதில்லை.

அப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. அம்மா கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். வந்த புதிதில் அவளுக்கு ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள்தான் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்க் காய்கறிப் பெயரிலிருந்து கற்றுக்கொடுத்தாள். அவளை நான் சிக்கம்மா என்று கூப்பிடுவேன், நம் சித்திக்கு அவர்கள் சொல்வது. அப்பா அவளிடம் ரீ போட்டுப் பேசுவார், நம் ‘ங்க’ மாதிரி. அம்மாவும் சிக்கம்மாவும் பேசுவது தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற ஏதோ ஒன்று. அதில் அவர்கள் சிரித்த சிரிப்பு முற்றம் தாண்டிக் கேட்கும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னம்பாடிக்குப் போனோம். அம்மா கொள்ளேகால் பட்டு கட்டிக்கொண்டாள். பிக்னிக்குக்குப் பட்டா என்று அப்பா கேட்டார். வேறெங்கே கட்டிக்கொண்டு போவது என்று அம்மா திருப்பிக் கேட்டாள். கல்யாணம், கார்த்திகை என்று போய்வர எங்களுக்கு மைசூரில் சொந்தக்காரர்கள் யாருமில்லை.

தோட்டத்தில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி ஜனங்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரே தமிழ்ப் பாட்டின் ஒரே இரண்டு வரி திரும்பத் திரும்ப ஓடியது. கதாநாயகன் திரையில் தெரிவதில் பாதிதான் இருந்தார். கதாநாயகிக்கு ஒருவர் விசிறிக்கொண்டே இருந்தார், அவள் கண்ணை மூடி நின்றாள். ஷூட்டிங் என்பது இத்தனை அலுப்பான விஷயமா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. புளியோதரையைத் தின்றுவிட்டுப் புல்லில் உருண்டேன்.

சாப்பிட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் போய்விடும் என்று நேரம் கேட்டுவர அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும், ஒல்லியாக ஒருவர் வந்து, பட்டுப் புடவை கட்டிய பெண்களாக நாலைந்து பேர் வேண்டும், படியிலிருந்து இறங்கி நடந்தால் போதும் என்று நல்ல தமிழில் கேட்டார். அம்மாவைக் கை காட்டினார். அம்மா, அப்பா போன திசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடத்தைவிட்டு நகராதே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் நகரத்தான் செய்தேன். ஆனால் கயிற்றை ஒட்டி நின்றவர்களின் முதுகுகளும், வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளித்தாள் பலகையின் விளிம்பும்தான் தெரிந்தன. அப்போது பாட்டுப் போடவில்லை. யாரோ கத்தினார்கள், யாரோ நில்லுங்கள் என்றார்கள், மறுபடி கத்தினார்கள். கால் மணி நேரத்தில் அம்மா திரும்பி வந்தாள். கன்னத்தில் யாரோ பவுடர் போட்டு விட்டிருந்தார்கள். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டேன். நடந்தேன், அவ்வளவுதான் என்றாள். புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அப்பாவிடம் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியுமா என்று நினைத்திருப்பாள். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா மடியில் உட்கார்ந்தேன், பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா கோபக்காரர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. ஆனால் அவர் காலத்து மனிதர். ஊரார் பார்க்க காமிராவுக்கு முன்னால் போய் நிற்பது குடும்பத்துப் பெண் செய்கிற காரியமல்ல என்று அவர் மனதில் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, இனிமேல் கன்னம்பாடிக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதற்குப் பிறகு போகவும் இல்லை.

மறுநாள் காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது அம்மா கேட்டாள்.

"ஏங்கண்ணு, உன்ற வாயில ஒரு பேச்சு தங்காதா?"

திட்டவில்லை. சலித்துக்கொண்டது போலக்கூட இல்லை. பின்னலை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டாள்.

தமிழ்ப் படம் முதலில் வந்தது. வட்டாராவின் தமிழ்ப் பெண்கள் கூட்டமாக மேட்னிக்குக் கிளம்பினார்கள். அப்பா போகாதே என்று சொல்லவில்லை. அம்மா பாட்டுப்புத்தகம் வாங்கினாள், ரோஸ் நிறத் தாளில் மை ஒட்டிக்கொள்ளும் புத்தகம். அந்தப் பாட்டு வந்தது. அதே படிகள், அதே நீரூற்று, அதே கதாநாயகி. நாங்கள் எல்லோரும் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டோம். படிகளில் யாரோ இறங்கினார்கள், அம்மா இறங்கவில்லை. பாட்டு முடிந்து போயிற்று. இன்டர்வெலில் எல்லோரும் கேலி செய்ததை அம்மாவும் சேர்ந்து சிரித்துத் தீர்த்தாள். இரவு சாப்பிடும்போது அப்பா, இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் மோர் ஊற்றச் சொன்னார். எனக்குத்தான் அழுகையாக வந்தது.

சில மாதம் கழித்துக் கன்னடப் படம் வேறு பெயரில் வந்தது. குதிரை வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தம்பட்டம் அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு எங்கள் தெருவழியே போனார்கள். நான் ஓடிப்போய் நான்கு நோட்டீஸ் பொறுக்கிக் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் வரும் தியேட்டர். பல வாரம் ஓடியது. தினமும் அந்தச் சுவரொட்டியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கதைதான் தமிழில் பார்த்தாயிற்றே. உள்ளே போக வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். படுத்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவளுக்கென்று இருந்த படம் ஒன்றே ஒன்று, கல்யாணத்தில் எடுத்தது. குனிந்த தலையும் உச்சி வகிடும்தான் அதில் தெரியும். அப்போதெல்லாம் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். எங்களுக்குக் காரணம் கிடைப்பதற்குள் அவள் போய்விட்டாள். முதலில் அவள் குரல் எனக்கு மறந்தது. பிறகு முகம் மெல்லப் பிடிபடாமல் போயிற்று. கண்ணை நினைத்தால் மூக்கு வராது, மூக்கை நினைத்தால் அது பெரியம்மாவின் மூக்காக இருக்கும். பெற்ற தாயின் முகத்தை மறந்தவள் என்ன மகள் என்று என்னையே வைதுகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. அது மார்கழி, மைசூரில் அவரைக்காய் காலம், நம் மொச்சையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். விடுமுறை நாளொன்றில் நானும் சிக்கம்மாவும் முற்றத்தில் உட்கார்ந்து ஊறிய அவரைப் பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது, கன்னடத்தில். சிக்கம்மா கையை நிறுத்தாமல், உன் அம்மா நடக்கிற பாட்டு என்றாள். அம்மா அந்தப் படத்தில் வரவில்லையே என்று நான் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க படத்துல இல்லடி கணே. எங்க படத்துல இருந்தா. குடை பிடிச்சுக்கிட்டு, அந்தப் படியில இறங்கி."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். படம் வந்த இரண்டாம் நாள் அவள் பார்த்துவிட்டு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா நம்பவில்லை. நான் பள்ளிக்கூடத்திலும் அப்பா ஆபீசிலும் இருந்த மத்தியானத்தில் இரண்டு பேரும் போனார்கள். முதல் தடவை அம்மா தன்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் தடவை கண்ணிமைக்காமல் பார்த்தாள். மூன்றாம் தடவை போனபோது அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டாள், மீதிப் படம் எதற்கு என்று. அந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பள்ளியிலிருந்து வந்தால் வீட்டில் பலகாரம் செய்திருக்கமாட்டாள். பேக்கரி பன்னைக் கையில் கொடுத்துவிட்டு, தலையில் மல்லிகையோடு, பாடிக்கொண்டே பாத்திரம் துலக்குவாள். பன் கிடைத்த சந்தோஷத்தில் நான் எதையும் கேட்கவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிக்கம்மா பருப்பைக் கிளறிவிட்டாள்.

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னா. குழந்தை வாய் நிக்காது, அவருக்குப் போயிரும்னா. மத்த மூணு வீட்லயும் நான்தான் வாயைக் கட்டிவெச்சேன்."

அன்று எனக்கு ஏற்பட்டது துக்கமா வெட்கமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு அந்த ஊரில் கிடைத்த மிகப்பெரிய சந்தோஷம் அது. அதை அவள் என்னிடம் மறைத்துவைத்தாள். மறைத்தது சரி என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்தப் படத்தைத் தேட ஆரம்பித்தேன். அப்போது ஒரு படம் போனால் போனதுதான். மறுபடி எங்காவது ஒரு கொட்டகையில் போட்டால்தான் உண்டு. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் சின்ன ஊர்களுக்குப் போகும், அங்கே தேய்ந்தது கிராமத்து டென்ட் கொட்டகைக்குப் போகும். ஒவ்வோர் இடத்திலும் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுவதில் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். எனக்கு வேண்டியது முழுப்படமல்ல. சில நொடிகள்தான்.

ஒன்றரை வருடம் கழித்து, ஆபீசில் என்னோடு வேலை பார்த்த கொள்ளேகால் பெண் ஊருக்குப் போய்வந்து, அந்தப் படம் அங்கே மேட்னியில் ஓடுவதாகச் சொன்னாள். தோழி வீட்டில் விசேஷம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன். வழியெல்லாம், அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா, தெரியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் பயம். அதற்காகவே பெண்கள் பக்கம் பெஞ்சில், எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

படத்தில் மழை பெய்வது போலக் கோடுகள். கதாநாயகனும் கதாநாயகியும் தோட்டத்துக்கு வந்தார்கள். அவள் மரத்தில் சாய்ந்தாள், வாத்தியம் தொடங்கியது. சடாரென்று ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் யாரோ ஒரு டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் ஆபரேட்டர் ரூமுக்கு ஏறும் படியடியில் போய் நின்றேன். ஆபரேட்டர் வயதானவர். நான் தமிழில் கேட்டதும் கொங்குத் தமிழில் பதில் சொன்னார், அப்படியே என் அம்மா பக்கத்துப் பேச்சு.

"கௌதள்ளி டென்ட்டுல ஓடிட்டு வந்த பொட்டிங்கம்மா. அங்க பூரா நம்ம சனங்கதானுங்க. தமிழ்ல கேட்ட பாட்டு கன்னடத்துல வந்தா பீடி குடிக்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அதான் அங்கயே வெட்டிப்போட்டாங்க."

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். பிலிம் துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய், பூதக்கண்ணாடி வைத்துச் சுவரில் காட்டி விளையாடும் என்றார். அதில் யாராவது சொந்தக்காரர் இருக்கிறாரா என்று என்னைக் கேட்டார். என் அம்மா என்றேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கௌதள்ளிக்காரர்களை நான் எப்படித் திட்டுவேன்? ஐந்து நிமிட நடையில் இருந்த தியேட்டரின் திரையில் அம்மா பல வாரம் தினமும் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே போகாதவள் நான்.

மறுநாள் சாயங்காலம் சிக்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போது அவளுக்குக் கனத்த உடம்பு, முட்டி வலி வேறு. உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரின் கறுப்புக் குடையை எடுத்துவந்து விரித்தாள். குழாயடி மேடையில் ஏறி நின்றாள். பார் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

முதல் இரண்டு அடி சிக்கம்மாதான் நடந்தாள். மூன்றாம் அடியில் புடவைக் கொசுவத்தை இடது கையால் இலேசாகத் தூக்கினாள், கழுத்தைச் சற்றே சாய்த்தாள், யாரோ கூப்பிட்டது போல ஒரு பக்கம் திரும்பினாள். அது என் அம்மா நடை. வீட்டிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து கடைக்கு, ஆயிரம் முறை நான் பார்த்து, பார்த்தது தெரியாமலே மறந்திருந்த நடை. முகமும் கூடவே வந்தது, என் அம்மாவின் மூக்கோடு. இன்னொரு தடவை என்று கேட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மேடையில் ஏறினாள்.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது. டிபன் பாக்ஸ் தொங்கும் சைக்கிளைப் பிடித்தபடி வாசல் கம்பிக் கதவருகில் நின்றிருந்தார். அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ. சிக்கம்மா கூச்சப்பட்டுக் குடையை மடக்கப் போனாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படி இல்லரீ. குடையை இன்னும் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சுப் பிடிச்சிருந்தா. மொகத்துல வெயில் விழுந்தது."

சொல்லிவிட்டு சைக்கிளைச் சுவரில் சாத்தினார், வழக்கம் போலக் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அம்மா கன்னம்பாடியில் நடந்தபோது அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். எந்தத் தியேட்டரில், எத்தனை தடவை, யாருக்குத் தெரியாமல் என்று நான் அவரைக் கடைசிவரை கேட்கவில்லை.